சட்டசபை மேஜைக்கு வராத உத்தரவுகள்

கல்கத்தாவில் எஸ்பிளனேடு பக்கம் போகிறவர்கள் கவர்னர் மாளிகையைப் பார்க்காமல் போக முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில் வைசிராய் வசித்த இடம் அது. 2020-ல் கொரோனா வந்தபோது மாநில சர்க்கார்கள் பலவும் கையில் எடுத்த சட்டம், வைசிராயின் சட்டசபை இதே ஊரில் கூடி நிறைவேற்றிய பழைய சட்டம் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. கல்கத்தா நடுங்கியது. வைசிராயின் நிர்வாக சபை அங்கத்தினரான ஜான் உட்பர்ன் 1897 ஜனவரி 28-ந் தேதி ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். பிப்ரவரி 4-ந் தேதி அது நிறைவேறி விட்டது. ஒரே வாரம்! தொற்றுநோய்ச் சட்டம் என்று பெயர். மொத்தம் நாலே பிரிவுகள். இருக்கிற சட்டங்கள் போதாது என்று சர்க்கார் கருதினால், பொது அறிவிப்பு ஒன்று போட்டு வேண்டிய விதிகளை விதிக்கலாம். ரயில் பிரயாணிகளைப் பரிசோதிக்கலாம். நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்டால் பிரித்து வைக்கலாம். மீறினால் தண்டனை. நல்லெண்ணத்துடன் செய்தவர்கள் மேல் வழக்குப் போட முடியாது.

அதில் எழுதாமல் விட்டதுதான் முக்கியம். விதிகள் எத்தனை நாள் செல்லும் என்று கெடு இல்லை. அவற்றைச் சட்டசபை மேஜையில் வைக்க வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. அன்றைய சபையில் அதிகாரிகளே பெரும்பான்மை. தங்களைத் தாங்களே கேள்வி கேட்டுக் கொள்ளவா போகிறார்கள்?

புனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். ஜனங்களின் ஆத்திரம் முற்றி, 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். மறு வருஷம் ஏப்ரலில் உட்பர்னே வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னராக வந்து சேர்ந்தார். அந்த மாதக் கடைசியில் கல்கத்தாவிலும் பிளேக் என்று அறிவிக்கப்பட்டது. ஊசி போட்டுக் கொன்று விடுவார்கள் என்று வதந்தி கிளம்பி, கலகம் மூண்டது. கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். உட்பர்ன் பிடியைத் தளர்த்தினார். நோயாளியை வீட்டிலேயே தனியாக வைத்துப் பார்க்க அனுமதித்தார். நல்ல காரியம்தான். ஆனால் அது அவராக மனமிரங்கிச் செய்தது. செய்யாமல் விட்டிருந்தால் ஏன் என்று கேட்க அவருடைய சட்டத்தில் இடமில்லை.

சபை கூடாத மாதங்கள்

2020 மார்ச்சில் மேற்கு வங்க சர்க்கார் இதே சட்டத்தின் கீழ் கொரோனா விதிகளை அறிவித்தது. சட்டசபை அந்த மாதமே ஒத்திவைக்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது அரசியல் சாசனம். அதன்படி செப்டம்பரில் கூடியது. பார்லிமெண்டும் மார்ச் 23-ந் தேதி கலைந்து செப்டம்பர் 14-ல்தான் கூடியது. அந்தக் கூட்டத் தொடரில் கேள்வி நேரமே கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. டாக்டர்களையும் நர்சுகளையும் தாக்குகிறவர்களைத் தண்டிக்க ஏப்ரல் 22-ல் ஓர் அவசரச் சட்டம் வந்தது. அவசரச் சட்டம் என்பதால் அது பார்லிமெண்டின் முன் வந்தே தீர வேண்டும். செப்டம்பரில் வந்து நிறைவேறியது. தேசம் முழுவதையும் வீட்டுக்குள் பூட்டிய உத்தரவுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், விதிகளைச் சபையில் வைக்கச் சொல்கிறது. ஊரடங்கு வந்ததோ ‘உத்தரவு’ என்ற பெயரில். பெயர் மாறியதும் மேஜைக்கு வரும் வேலை மிச்சமாயிற்று.

புறநகர் ரயிலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். 2021 மே 5-ந் தேதி மம்தா பானர்ஜி மூன்றாவது முறையாக முதல் மந்திரியாகப் பதவியேற்றார். அன்றே அறிவிப்பு; மறுநாள் முதல் லோக்கல் ரயில் நின்றது. பதினைந்து நாள், பதினைந்து நாள் என்று கட்டுப்பாடுகளை நீட்டிக் கொண்டே போய், அக்டோபர் 31-ந் தேதிதான் ரயில் பழையபடி ஓடியது. கானிங் பக்கத்திலிருந்து விடியற்காலை வண்டியில் வந்து தென் கல்கத்தா வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்கும், சியால்டாவுக்குக் காய்கறிக் கூடை கொண்டு வருபவர்களுக்கும் அது கிட்டத்தட்ட அரை வருஷம். நிறுத்தியது சரியா, தப்பா என்பது டாக்டர்கள் சொல்ல வேண்டியது. அந்தப் பெண்களின் எம்.எல்.ஏ. அந்த உத்தரவின் மேல் ஓட்டுப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மற்ற நாடுகளில் எப்படி? பிரிட்டன் 2020-ல் கொண்டு வந்த கொரோனா சட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை காமன்ஸ் சபையின் ஓட்டுக்கு விட வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே கவர்னர் என்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். நம் ஊர்க் கவர்னரைப் போல டில்லி நியமிப்பதில்லை. அவர் பிரகடனம் செய்யும் நெருக்கடி நிலை 21 நாளோடு சரி, நீட்டிக்க வேண்டுமானால் சட்டசபை சம்மதிக்க வேண்டும் என்று 2021 மே 18-ந் தேதி ஜனங்களே ஓட்டுப் போட்டு மாநில சாசனத்தைத் திருத்தினார்கள்.

நம் நாட்டில் சட்டக் கமிஷன் 2024 பிப்ரவரியில் தனது 286-வது அறிக்கையை அளித்தது. உட்பர்ன் கொண்டு வந்த சட்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, திருத்துங்கள் அல்லது புதிதாக ஒன்று போடுங்கள் என்பது அதன் சிபாரிசு.