அகலச் சாலை – 9: சைக்கிளிடம் தோற்ற விமானம்

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 405-ஆம் எண் நெடுஞ்சாலையில், செபுல்வேடா கணவாயில் போன வாரம் நின்றோம். வடக்கே போகிற பக்கத்தில் ஒரு தடம் கூட்ட வேண்டும். அதற்காக மூன்று பாலங்களை இடித்துக் கட்ட வேண்டும். மீதி, தொடர்ந்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த மூன்றில் ஒன்று மல்ஹாலண்ட் டிரைவ் பாலம். மலை முகட்டில் ஓடும் சாலையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பாலம் முடிந்தது 1960-ல். அதன் அடியில் நெடுஞ்சாலை திறந்தது 1962-ல்தான். அரை நூற்றாண்டு கழித்து, கீழே ஓடும் சாலை விரிய வேண்டியபோது மேலே நிற்கும் பாலத்தின் நீளம் போதவில்லை.

வெடி வைத்து ஒரே நொடியில் தகர்த்திருக்கலாமே என்று தோன்றும். அடியில் கிடப்பது அமெரிக்காவிலேயே நெரிசலுக்குப் பேர்போன சாலை. அதன் தளம் விரிசல் விட்டால் திங்கட்கிழமை காலை நகரம் நின்றுபோகும். ஆகவே சாலையின் மேல் கனமாக மண்ணைப் பரப்பினார்கள். பொக்லைன்களின் நுனியில் பிரேக்கர் பொருத்திக் கான்கிரீட்டைக் கொத்திக் கொத்தி அந்த மண் மெத்தையில் விழவைத்தார்கள். அதுவும் பாதிப் பாலத்தை மட்டும். தெற்குப் பாதியை இடிக்கும்போது வடக்குப் பாதியில் வண்டி ஓடும். தெற்கே புதிதாகக் கட்டிய பிறகு வடக்குப் பாதிக்கு முறை வரும்.

2011 ஜூலை 15, வெள்ளி நள்ளிரவிலிருந்து திங்கள் காலை 5 மணி வரை, 53 மணி நேரம் சாலையை மூட முடிவாயிற்று. தாமதமானால் 10 நிமிடத்துக்கு 6,000 டாலர் ஒப்பந்தக்காரருக்கு அபராதம். போகும் பக்கத்துக்கு ஒன்று, வரும் பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக!

ஊர் நடுங்கியது. சாதாரண வார இறுதியில் அந்த வழியே சுமார் 5 லட்சம் வண்டிகள் போகும். பத்திரிகைகள் 'கார்மகெடான்' என்று ஊழிக்காலத்தையே அழைத்துவிட்டன. ட்விட்டரில் கூட்டம் சேர்த்து வைத்திருந்த நட்சத்திரங்களிடம், மக்களை எச்சரிக்கும்படி போலீஸ் கேட்டுக்கொண்டது.

இந்த அமளியில் ஜெட்புளூ விமான நிறுவனம் ஒரு வேடிக்கை செய்தது. பர்பேங்கிலிருந்து லாங் பீச்சுக்குச் சிறப்பு விமானம், கட்டணம் 4 டாலர். சாலை வழி சுமார் 60 கிலோமீட்டர்தான். சில மணி நேரத்தில் எல்லா இருக்கையும் விற்றுத் தீர்ந்தது. 'உல்ஃப்பேக் ஹசில்' என்ற உள்ளூர் சைக்கிள் குழுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. போட்டி வைத்தார்கள்: இரு தரப்பும் விமான நிலையத்துக்குப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து புறப்பட வேண்டும், லாங் பீச் கடற்கரைக் கலங்கரை விளக்கத்தை முதலில் தொடுகிறவருக்கு வெற்றி. விமானக் கட்சி டாக்சி பிடித்து, நிலையத்தில் சோதனைக்கு நின்று, காத்திருந்து ஏறியது. சைக்கிள்காரர்கள் ஒரு மணி 34 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அதோடு போகவில்லை. மெட்ரோ ரயிலை நம்பி வந்தவரும் விமானத்துக்கு முன்னால் வந்து நின்றார். சக்கரக் காலணியில் உருண்டு வந்தவரும் அப்படியே! பறக்கிற நேரம் அற்பம். பறப்பதற்கு முன்னும் பின்னும் ஆகிற நேரம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. சாலை அகலப்படுத்தும் பொறியாளர்களுக்கு இந்தப் பந்தயத்தை ஒரு பாடமாகவே வைக்கலாம் என்பேன்.

ஊழிக்காலம் வரவே இல்லை. சாலைகள் வெறிச்சோடின. மூன்று நண்பர்கள் ஆளில்லாத 405-ல் மேஜை போட்டு விருந்து சாப்பிட்டுப் படமெடுத்துக்கொண்டார்கள். 17 மணி நேரம் முன்னதாக, ஞாயிறு முற்பகலிலேயே சாலையைத் திறந்தாயிற்று. அந்த வார இறுதியில் காற்றை அளந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாலையோரக் காற்றின் தரம் வழக்கமான வார இறுதியைவிட 83 சதவீதம் மேம்பட்டதாக 2012-ல் அறிவித்தார்கள். சாலையோரம் மட்டுமல்ல, நகரப் பகுதி முழுவதிலும் சுமார் 25 சதவீதம்.

சரி, அந்த 5 லட்சம் வண்டிகள் எங்கே போயின? வேறு சாலைகளில் முட்டி மோதவில்லை. பெரும்பாலானவை வீட்டு வாசலிலேயே நின்றன. தடம் கூடினால் வண்டி கூடுகிறது என்று இந்தத் தொடரில் ஓயாமல் புலம்பி வருகிறேன். தடம் மறைந்தால் வண்டியும் மறைகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை. அதைக் கண்ணால் பார்த்த நகரம், திங்கட்கிழமை மறுபடி அகலப்படுத்தப் போய்விட்டது. 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, புதிய தடம் 2014 மே மாதம் திறந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் போக்குவரத்துத் தரவு நிறுவனமான இன்ரிக்ஸ் கணக்குப் பார்த்தது: மாலை நெரிசலில் வடக்கே போகும் பயணம் முந்தைய ஆண்டைவிட ஒரு நிமிடம் கூடியிருந்தது.

புதிய பாலத்தை எழுப்பிய விதத்தை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சைக்கிள்காரர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 2012 செப்டம்பர் கடைசியில் நடந்த வடக்குப் பாதி இடிப்பும் பாக்கி இருக்கிறது. இரண்டையும் அடுத்த வாரம் சேர்த்தே பார்ப்போம்.