சிறு கைத்துப்பாக்கிகளில் உயரழுத்தத் தோட்டாக்கள்: அழுத்த வரம்பும் பயன்பாட்டு எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க சிறு கைத்துப்பாக்கிகளில், வழக்கமான தோட்டாக்களைவிட மிகுந்த அழுத்தத்தை உண்டாக்கும் ‘பிளஸ்-பி’ வகைத் தோட்டாக்களைப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் பரவலாக உள்ளது. குழலின் நீளம் குறைவதால் இழக்கப்படும் வேகத்தை அழுத்தத்தால் ஈடுசெய்யலாம் என்பது இவ்வழக்கத்தின் அடிப்படை. அந்த ஈடு எவ்வளவு கிடைக்கிறது, அதன் சுமையை எது தாங்குகிறது ஆகிய இரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கைத்துப்பாக்கி, தோட்டா, அறை அழுத்தம், பின்னுதைப்பு, பிளஸ்-பி

முன்னுரை

தோட்டா என்பது கூடு, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு என்னும் நான்கு உறுப்புகளைக் கொண்டது. வெடிமருந்து எரிந்து வளிமமாக மாறும்போது எழும் அழுத்தமே குண்டைக் குழலின் வழியே உந்துகிறது. அதே அழுத்தம் அறையின் சுவரையும் பின்புறத்தையும் தாக்குகிறது. எனவே, ஒவ்வொரு தோட்டா வகைக்கும் மீறக்கூடாத அழுத்த வரம்பு ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் இவ்வரம்புகளை 1926ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிர்ணய அமைப்பு வெளியிடுகிறது.

‘பிளஸ்-பி’ உணர்த்தும் பொருள்

இவ்வமைப்பின் அளவீட்டின்படி 9 மி.மீ. லூகர் தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்திற்கு 35,000 பவுண்டு. அதன் பிளஸ்-பி வகைக்கு 38,500 பவுண்டு. .45 ஆட்டோ தோட்டாவிற்கு இவை முறையே 21,000, 23,000 ஆகும். .38 ஸ்பெஷல் தோட்டாவிற்கு 17,000, 20,000 ஆகும்.

இவ்வெண்களை ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். .38 ஸ்பெஷலின் உயரழுத்த வகைகூட 9 மி.மீ. லூகரின் வழக்கமான அழுத்தத்தை எட்டுவதில்லை. ஆகவே ‘பிளஸ்-பி’ என்பது ஒரு குறிப்பிட்ட அழுத்த அளவின் பெயரன்று. அந்தந்தத் தோட்டாவின் இயல்பான வரம்பைச் சார்ந்து அமையும் ஒப்பீட்டுக் குறியீடே ஆகும். ‘பிளஸ்-பி-பிளஸ்’ எனக் குறிக்கப்படும் தோட்டாக்களுக்கோ இவ்வமைப்பு எந்த வரம்பையும் வகுக்கவில்லை. எனவே, அக்குறியீட்டைக் கொண்டு அழுத்தத்தின் அளவை அறிய இயலாது.

அழுத்தமும் வேகமும்

குண்டு நகரத் தொடங்கிய சிறு தொலைவிற்குள்ளாகவே அழுத்தம் உச்சத்தை அடைந்துவிடுகிறது. பின்னர், குண்டு முன்னேற முன்னேற வளிமத்திற்குக் கிடைக்கும் இடம் பெருகி அழுத்தம் தணிகிறது. அறையின் உலோகம் தாங்க வேண்டியது உச்ச அழுத்தத்தை. குண்டின் வேகத்தை முடிவுசெய்வதோ, குழலின் முழு நீளத்திலும் அவ்வழுத்தம் செய்யும் மொத்த வேலை. குழல் குறுகியதாயின் குண்டு விரைவில் வெளியேறிவிடும். எஞ்சிய வளிமத்தின் ஆற்றல் குழல்வாயில் தீச்சுடராகவும் பேரொலியாகவும் வீணாகிறது.

குழல் முழுவதும் அழுத்தம் 10 விழுக்காடு உயர்வதாகக் கொள்வோம். குண்டின் இயக்க ஆற்றலும் 10 விழுக்காடு உயரும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆதலின், வேகம் ஏறத்தாழ 5 விழுக்காடே உயரும். நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 357 மீட்டர் வேகத்தை எட்டும். இவ்வுயர்வு பயனற்றது எனக் கூறிவிட இயலாது. உட்குழிவுடைய குண்டு இலக்கில் பட்டு விரிவதற்குக் குறைந்தபட்ச வேகம் ஒன்று தேவை. குறுங்குழலில் அவ்வேகம் எல்லைக்கோட்டில் நிற்குமாயின் சிறு உயர்வும் பொருட்படுத்தத்தக்கதே. குறைந்த வேகத்திலேயே விரியுமாறு குண்டை வடிவமைப்பது மற்றொரு வழி.

பின்னுதைப்பின் கணக்கு

8 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டு, வளிமத்தின் பங்கைத் தவிர்த்துக் கணக்கிட்டால், 1 கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கியின் பின்னுதைப்பு ஆற்றல் 3.7 ஜூல். அதே தோட்டாவை 500 கிராம் துப்பாக்கியில் சுட்டால் அது 7.4 ஜூல். வேகம் 357 மீட்டராக உயர்ந்தால் 8.2 ஜூல். துப்பாக்கியின் எடை குறைவதாலேயே உதைப்பு இருமடங்காகிறது. உயரழுத்தம் அதன்மேல் மேலும் பத்தில் ஒரு பங்கைச் சேர்க்கிறது. சுடுபவர் அடுத்த குண்டிற்குக் குறியை மீட்டெடுக்கும் நேரம் இதனால் நீள்கிறது.

பொறியமைப்பும் இதனால் பாதிக்கப்படுகிறது. தானியங்கு பிஸ்டலில் ஸ்லைடு விரைந்து பின்வாங்கித் திரும்பும்போது, மேகசின் வில் அடுத்த தோட்டாவை உரிய நேரத்தில் உயர்த்தத் தவறினால் தோட்டா சிக்கிக்கொள்ளும். எடை குறைந்த ரிவால்வரில் உதைப்பின் விசையால், இன்னும் சுடப்படாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னோக்கி நழுவி உருளையின் சுழற்சியைத் தடுப்பதுண்டு.

வடிவத்தால் காப்பும் எழுத்தால் காப்பும்

.38 ஸ்பெஷல் தோட்டாவை ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1898ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. அதன் அழுத்தத்தை உயர்த்தும் முயற்சியின் தொடர்ச்சியாக, 1930ஆம் ஆண்டில் பெரிய சட்டகம் கொண்ட .38/44 ரிவால்வர் வெளிவந்தது. அதற்குரிய உயரழுத்தத் தோட்டா பழைய, வலுக்குறைந்த ரிவால்வர்களிலும் நுழையத்தக்கதாக இருந்தது. 1935இல் வெளிவந்த .357 மேக்னம் இவ்விடர்ப்பாட்டிற்குத் தீர்வு கண்டது. அதன் கூடு .38 ஸ்பெஷலைவிட ஏறத்தாழ 3.4 மி.மீ. நீளமாக்கப்பட்டதால், .38 ஸ்பெஷல் அறைக்குள் அது முழுமையாக அமராது. அறியாமையால் நேரும் பிழையையும் உலோகத்தின் வடிவமே தடுத்துவிடுகிறது.

பிளஸ்-பி தோட்டாவில் அத்தகைய தடை இல்லை. அளவில் அது வழக்கமான தோட்டாவை ஒத்தது. வேறுபாட்டை உணர்த்துவன கூட்டின் அடியிலும் பெட்டியின் மேலும் உள்ள எழுத்துகளே. 1958ஆம் ஆண்டிற்கு முன் செய்யப்பட்ட நடுத்தரச் சட்டக ரிவால்வர்களில் பிளஸ்-பி தோட்டாவைப் பயன்படுத்தலாகாது எனவும், உருளைத் தாங்கியின் வெட்டிடத்தில் மாதிரி எண் பொறிக்கப்படாமையைக் கொண்டு அவற்றை இனங்காணலாம் எனவும் ஸ்மித் அண்ட் வெஸன் கையேடு அறிவுறுத்துகிறது. இங்குத் துப்பாக்கியின் காப்பு முழுவதும் அதை வைத்திருப்பவரின் வாசிப்பைச் சார்ந்துள்ளது.

முடிவுரை

உயரழுத்தத் தோட்டா குறுங்குழலின் இழப்பில் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்கிறது. அதன் சுமையை உலோகமும் பொறியமைப்பும் சுடுபவரின் கையும் பகிர்ந்து தாங்குகின்றன. தயாரிப்பாளர் அனுமதித்த துப்பாக்கியில், அத்தோட்டாவைக் கொண்டே பழகி, தடையின்றி இயங்குவதை உறுதிசெய்தபின் அதனைப் பயன்படுத்துவது ஏற்கத்தக்கது. கையேடு அனுமதிக்காத இடத்தில், தோட்டா அறைக்குள் பொருந்துகிறது என்பது பாதுகாப்பிற்குச் சான்றாகாது.