மோதிரத்தையும் மன்னிக்காத புரட்சி

1971 டிசம்பர். மத்திய ஜப்பானின் மலைக்காட்டில் எலும்பைத் துளைக்கும் குளிர். ஆயுதப் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர்கள் கூடி உட்கார்ந்து விசாரணை நடத்துகிறார்கள். விவகாரம் போலீஸும் இல்லை, அரசும் இல்லை. புரட்சிக்கு வந்த ஒரு பெண்ணின் விரலில் மோதிரம் ஏன் என்பதுதான். சில வாரங்களில் அந்தப் பெண் உயிருடன் இல்லை.

இந்த விசாரணைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'சோகட்சு'. செய்ததைத் திரும்பிப் பார்த்துத் தன்னைத்தானே விமர்சித்துக்கொள்வது என்று பொருள். மலையில் அதற்கு அர்த்தம் வேறு: அடி, உதை, பனியில் கட்டிப்போடுதல். இவர்களின் அமைப்பான ஐக்கியச் செஞ்சேனையின் 29 பேரில் 12 பேரை அப்படிக் கொன்றது அவர்களுடைய தோழர்களேதான்.

இத்தனைக்கும், இவர்கள் முளைத்து வந்த மாணவர் போராட்டத்தின் தொடக்கத்தில் மாணவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. 1968-ல் டோக்கியோவின் மருத்துவ மாணவர்கள் எதிர்த்தது சம்பளமில்லாப் பயிற்சியை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சுமார் 200 கோடி யென் கணக்கில் வராமல் போக, அங்கும் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

போராட வந்த மாணவர்களின் தலையில் ஹெல்மெட், முகத்தில் துண்டு, கையில் 'கெபாபோ' என்ற மரத்தடி. ஹெல்மெட்டின் நிறத்தையும் எழுத்தையும் பார்த்தே எந்தக் கோஷ்டி என்று சொல்லிவிடலாம். என்னை உறுத்துவது அந்த ஹெல்மெட்தான். போலீஸ் தடியிலிருந்து தலையைக் காக்க வந்தது, போகப்போக யாரை அடிப்பது என்பதற்கு அடையாளமானது. கோஷ்டிச் சண்டைகளில் மட்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

1969 ஜனவரியில், மாணவர்கள் பிடித்து வைத்திருந்த டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதா மண்டபத்தை மீட்க 8,500 போலீஸார் இரண்டு நாள் போராடினார்கள். அந்த அடக்குமுறைதான் இளைஞர்களை மலையேற்றியது என்று வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால், மோதிரத்தைக் குற்றமாக்கியது போலீஸ் அல்லவே!

1972 பிப்ரவரியில் போலீஸிடமிருந்து தப்பிய செஞ்சேனையின் ஐவர், அசாமா மலை விடுதியில் நிர்வாகியின் மனைவியைப் பிணையாக வைத்துக்கொண்டு 10 நாள் துப்பாக்கியுடன் போலீஸை எதிர்த்து நின்றார்கள். கிரேனில் தொங்கிய இரும்புக் குண்டு சுவரை இடித்ததை நாடே டி.வி. முன் உட்கார்ந்து பார்த்தது. மார்ச்சில் மலையைத் தோண்டத் தோண்டப் பிணங்கள். மாணவர்களுக்காகப் பரிந்து பேசிய வீடுகளும் அதோடு வாயை மூடிக்கொண்டன.

உங்கள் பிள்ளை ஓர் அமைப்பில் சேர்ந்தால் பதற வேண்டாம். அங்கே தலைமையை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு மறுநாளும் தோழனாக இருக்க முடியுமா? அதை மட்டும் விசாரியுங்கள்.