பத்தாயிரம் வேலையா, பத்தாயிரம் நாற்காலியா?

காலையில் ஆறரை மணிக்கு விரிஞ்சிபுரம் பஸ் ஸ்டாப்பில் நின்றால் ஆம்பூர் பக்கம் போகும் ஷூ கம்பெனி வேன்களைப் பார்க்கலாம். எல்லாமே பெண்கள் கூட்டம்தான். எதிர் வீட்டு அக்கா அந்த வேனில் பதினேழு வருடமாகப் போகிறார். அப்பர் தைக்கிற வேலை. அவர் பெண் இந்த வருடம் டிப்ளமோ முடித்தாள். போன மாதம் ஒரு ஏஜென்சிக்காரர் வந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மாமா, நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே பாக்கறீங்க, போலாமா வேணாமா சொல்லுங்க" என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்தது சாஃப்ட்வேர், ஃபேக்டரி இல்லை. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் வளர்ச்சி. இதில் சந்தேகமே இல்லை. தமிழ்நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 2021-22ல் 186 கோடி டாலர். 2024-25ல் 1,465 கோடி டாலர். மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. ஆனால் ஏற்றுமதி எட்டு மடங்கு என்றால் வேலையும் எட்டு மடங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஐபோனின் ஏற்றுமதி விலையில் வெளிநாட்டிலிருந்து வந்த சிப், திரை, கேமரா எல்லாவற்றின் விலையும் சேர்ந்தே இருக்கிறது. இங்கே கொடுக்கிற கூலி அதில் சின்ன பங்குதான்.

அடுத்து, யார் வேலை பார்க்கிறார்கள்? இந்தியாவில் ஃபேக்டரிகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்கிறது. மில், பனியன், ஷூ என்று ஏற்கெனவே பெண்கள் வேலைக்குப் போய்ப் பழகிய மாநிலம் இது. செல்போன் கம்பெனிகள் இங்கே வந்ததற்கு துறைமுகம், சலுகை மட்டும் காரணமில்லை. எங்க அக்கா ஏறுகிற வேனும் ஒரு காரணம்.

சரி, தலைப்புக்கு வருவோம். "10,000 பேருக்கு வேலை" என்று பேப்பரில் வந்தால், அது உண்மையில் பத்தாயிரம் நாற்காலி. அந்த நாற்காலியில் ஒருவர் எத்தனை வருடம் உட்காருகிறார் என்பது செய்தியில் வராது. ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுங்கள். ஒவ்வொருவரும் பத்து வருடம் இருந்தால், பத்து வருடத்தில் 10,000 பேர். ஒவ்வொருவரும் இரண்டரை வருடத்தில் போய்விட்டால் அதே நாற்காலிகளில் 40,000 பேர் வந்து போயிருப்பார்கள். இரண்டுமே பேப்பரில் "10,000 வேலை"தான். முதலாவது வாழ்க்கைக்கான வேலை. இரண்டாவது, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சம்பாத்தியம்.

இது கற்பனைக் கவலை இல்லை. ஐபோன் ஃபேக்டரியில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதற்கு முன், 2021 டிசம்பரில் பூந்தமல்லி ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், ஃபேக்டரி சில வாரம் நின்றது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. சாலையில் உட்கார்ந்த பெண்கள் கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது என்றே நான் படிக்கிறேன். ஆனால் விடுதி என்பது தனியாக இருப்பவருக்கான ஏற்பாடு. குழந்தையோடு அங்கே இருக்க முடியாது.

நாற்காலியே காணாமல் போன கதையும் நம்மிடம் உண்டு. நோக்கியா 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. உச்சத்தில் நேரடி ஊழியர்களே சுமார் 8,000 பேர். வரித் தகராறில் சொத்து முடங்கியது. 2014ல் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டது. அந்த நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றது. பின்னாளில் அதே வளாகத்தை சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்யத் தொடங்கியது. கட்டடத்துக்கு மறுவாழ்வு வந்தது. 2014ல் வெளியே வந்தவர்களுக்கு அப்போது வயது முப்பதை நெருங்கியிருக்கும்.

அப்படியென்றால் ஷூ கம்பெனியே மேலா? அப்படியும் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர் என்ன பாடு பட்டது என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம்: ஷூ வேலைக்குப் போகிறவர் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஆம்பூர் எங்களுக்கு சுமார் 35 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் நூறுக்கு மேல். அக்கா கல்யாணத்துக்குப் பிறகும், குழந்தை பிறந்த பிறகும் அந்த நாற்காலியில் இருந்தது இந்த தூரத்தால்தான். இப்போது பனப்பாக்கம் சிப்காட்டில் டாடா கார் ஆலை, தோல் அல்லாத காலணி ஆலை என்று வருவது எனக்கு முக்கியமாகப் படுவதும் அதனால்தான். நடுவில் ஒரு ஊர்.

அவளுக்கு நான் முடிவு சொல்லவில்லை. ஏஜென்சிக்காரரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கம்பெனி பேரிலா, கான்ட்ராக்டர் பேரிலா? டிப்ளமோவுக்கு டெக்னீஷியன் வேலையா, இல்லை அதே அசெம்ப்ளி லைனா? கல்யாணம் ஆனால் வேலை உண்டா?

கூடவே ஒரு விஷயம். எங்கே போனாலும் பிஎஃப் யுஏஎன் எண் ஒன்றே இருக்கட்டும். வேலை மாறும்போது பணத்தை எடுக்காமல் மாற்றிக்கொள்ள வேண்டும். பென்ஷனுக்கு மொத்தம் 10 வருட சர்வீஸ் வேண்டும். எடுத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்ஜியத்தில் தொடங்கும். அக்காவுக்கு பதினேழு வருடம் ஆகிவிட்டது, அவருக்கு பென்ஷன் உண்டு. அது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏஜென்சிக்காரர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாராம். கான்ட்ராக்டர் பேரில்தான். மற்ற இரண்டையும் "விசாரிச்சு சொல்றேன்மா" என்றிருக்கிறார். அவள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள்.