இகுவானாப் பல்லியை விலைக்கு வாங்குவோர் அறிய வேண்டியவை

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் முதலிய இடங்களில் ஏரிப் பாசன நன்செய்களிற் பெரும்பகுதி மனைகளாக மாறிவிட்டது. எஞ்சிய நிலத்தைப் பயிரிட்டுவரும் குடும்பங்களின் இளைஞர் சிலருக்கு, ஆடு மாடு கோழிகளோடு நில்லாமல், அயல்நாட்டுப் பிராணிகளை வளர்க்கும் விருப்பமும் உண்டாகியிருக்கிறது. அவற்றுள் ஒன்று பச்சை இகுவானா. பேரோந்தி என்று தமிழில் எழுதுவோரும் உண்டு. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபாகத்திலும் மரக்கிளைகளில் வசித்து, இலைகளைத் தின்று ஜீவிக்கும் பெரும்பல்லி இது. விற்கப்படும்போது ஒரு சாண் நீளமேயுள்ள குஞ்சு, நன்கு வளர்ந்தால் வாலுடன் ஐந்து அல்லது ஆறு அடி நீளமாகும். பதினைந்து வருஷங்களுக்கு மேல் உயிரோடிருப்பதும் உண்டு. இதனை உடும்பென்று மயங்கலாகாது. நம் வயல் வரப்புகளிற் காணப்படும் உடும்பு 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையைச் சேர்ந்தது. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும்.

இகுவானா தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி. தின்ற இலை அதன் பெருங்குடலில் நுண்ணுயிர்களாற் புளித்துச் செரிப்பதற்குப் போதிய உஷ்ணம் வேண்டும். குளிர்ந்தால் இரை வயிற்றிலேயே தங்கிவிடும். பகலில் வெயில் காயும் ஓரிடம் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடும், கூண்டின் மற்றப் பாகம் 26 முதல் 30 டிகிரியும் இருப்பது நலம். இரவில் 22 டிகிரி வரை இறங்கினால் கெடுதியில்லை.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட முறைகளை அப்படியே கைக்கொள்ளுவதால் இங்கே விளையும் கேடு அதிகம். தாம்பரத்தில் சித்திரை வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அக்காலத்தில் விளக்கேற்றிச் சூடு காட்டுவது வீண் செலவு மட்டுமன்று, பிராணியைக் கொல்லும் செயலுமாகும். கண்ணாடித் தொட்டியில் இட்டு வெயிலில் வைத்தால் சிறிது நேரத்திலேயே இறந்துபோகும். இப்பிரதேசத்துக்கு உகந்தது கம்பிவலைக் கூண்டே. அதில் ஒரு பக்கம் வெயிலும் மறு பக்கம் கீற்று நிழலும் இருக்கவேண்டும். ஏறியிருக்க உறுதியான கிளையும், அன்றாடம் மாற்றிய தண்ணீரும் அவசியம். காலை வெயிலினும் சிறந்த விளக்கு எக்கடையிலும் கிடையாது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் தோலிற் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகிச் சுண்ணாம்புச் சத்து எலும்பிற் சேரும். அது குறைந்தால் தாடை மெலிந்து கால்கள் வளையும். ஜன்னற் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும் என்பதைப் பலர் அறியார்.

ஐப்பசி முதல் தை வரையில், மழைநாட்களிலும் இரவுகளிலும், செயற்கைச் சூடு தேவைப்படலாம். அப்போது பீங்கான் பிடியுள்ள வெப்ப விளக்கைப் பிராணி எட்டாத உயரத்தில் கட்டி, கம்பிக் கூடையால் மூடி, உஷ்ணத்தை நிறுத்தும் கருவியுடன் இணைக்கவேண்டும். வைக்கோல், சாக்கு, கீற்று இவற்றின் அருகே விளக்கைத் தொங்கவிடுவது வீட்டுக்கே தீ வைப்பதற்கு ஒப்பாகும். சுடுகல் என்ற பெயரால் விற்கப்படும் மின்சாரக் கல்லை அறவே விலக்குக. மேலிருந்து வரும் வெயிலுக்கே பழகிய இப்பிராணி, வயிற்றின் கீழே தோல் வெந்துகொண்டிருப்பதை உணர்ந்து விலகுவதில்லை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வார்தா புயல் அடித்தபோது சென்னையைச் சுற்றிலும் மின்சாரம் பல நாட்கள் தடைப்பட்டது. மின்சாரத்தை மட்டும் நம்பியிருப்போர் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளையேனும் அத்தகைய நாட்களுக்கென்று ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

இனி விலையைப் பற்றி. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் மிராசுதார்கூட, பல்லும் சுழியும் பார்க்காமல் பேச்சைத் தொடங்கமாட்டார். இங்கும் அம்முறையே தகும். பெண் இகுவானா ஒரே தடவையில் 20 முதல் 70 முட்டைகள் வரை இடும். ஆகையால் சாதாரணப் பச்சைக் குஞ்சை அருமையான சரக்கென்று சொல்லி விலையேற்றுவது நியாயமன்று. சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிறத்துக்குக் கேட்கும் அதிக விலையால் ஆரோக்கியம் கூடுவதில்லை. தாடையை மெல்ல அழுத்தினால் உறுதியாயிருக்கவேண்டும். வாலடி சதைப்பற்றோடும் கண் தெளிவோடும் இருத்தல் நன்று. வயிற்றைத் திருப்பிப் பார்க்கவேண்டும்: அங்கே வெந்த தழும்பு காணப்பட்டால் விற்பவர் வளர்த்த விதம் விளங்கிவிடும். ஆளுயரக் கூண்டு, விளக்குகள், மருத்துவர் கட்டணம் ஆகியவற்றை முதலிற் கூட்டிப் பார்ப்போர்க்கு, பிராணியின் விலை மொத்தத்தில் சிறு பாகமே என்பது தெரியவரும். மலிவென்று ஆறடிப் பல்லியை விற்க வருவோர் பெரும்பாலும் அதை வைத்துக்கொள்ள முடியாதவர்கள்.

பத்திரமில்லாத பிராணி எவ்விலைக்கும் மலிவன்று. பச்சை இகுவானா சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அடங்கியது. 2022ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தபின், 2024 பிப்ரவரியில் விதிகள் வெளியாயின. அவற்றின்படி இத்தகைய பிராணிகளை வைத்திருப்போர் மத்திய சர்க்காரின் பரிவேஷ் இணையத்தளம் வாயிலாகத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்தல் வேண்டும். முன்னமே வைத்திருந்தோர்க்குக் கொடுத்த ஆறு மாத அவகாசம் 2024 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. கைமாற்றம், குஞ்சு பொரித்தல், இறப்பு ஆகியவற்றையும் தெரிவிக்கவேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்றும் ரசீதும் இல்லையேல் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது மேல். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பிரயாணிகளின் பெட்டிகளில் அயல்நாட்டுப் பல்லிகளும் ஆமைகளும் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அவ்விதம் வந்தவற்றின் கதி சொல்லத் தரமன்று.

கிராம அலுவலர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது, சலித்துப்போனவர்கள் இதை ஏரிக்கரையில் விட்டுவிடுவதே. போர்ட்டோ ரிக்கோ தீவிலும் தைவானின் தென்பகுதியிலும் இவ்விதம் வெளியேறிய இகுவானாக்கள் பெருகிக் காய்கறிப் பயிர்களைத் தின்பதோடு, கரைகளில் வளை தோண்டியும் நாசம் விளைக்கின்றன. கிராண்ட் கேமன் தீவில் 2018 முதல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவற்றைக் கொல்ல நேர்ந்தது. அந்நாடுகளைப் போலவே குளிர்காலக் கடுமையில்லாத பூமி இது. மாடம்பாக்கம், செம்பாக்கம் ஏரிக்கரைகளோ மண்கரைகள். எங்கேனும் இத்தகைய பல்லி காணப்பட்டால் அடித்துக் கொல்லாமலும், கையாற் பிடிக்காமலும், இருந்த இடத்தையும் வேளையையும் குறித்துக்கொண்டு அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்கவேண்டும்.