ஆறு சிலிண்டருக்கு நாலு சிலிண்டர் டர்போ

என் மச்சினன் போன மாசி மாதம் ஒரு பழைய டாடா 1613 டிப்பர் வாங்கினான். சங்ககிரிப் பக்கம், புரோக்கர் மூலமாக. ஃபைனான்ஸ் போக மீதிக்கு அவன் மனைவியின் நகை. ரெண்டே மாதத்தில் போன் வந்தது.

"மாமா, டர்போ போயிருச்சுங்கறாங்க. கடையில போய்க் கேட்டா, எந்த எஞ்சின், எந்த டர்போன்னு நம்மளயே திருப்பிக் கேக்கறாங்க. டர்போல இருந்த பிளேட்டக் காணோம். நீங்கதான் சும்மா எதையாச்சும் நோண்டிக்கிட்டே இருப்பீங்களே, வந்து பாருங்க."

எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. படிக்கத் தெரியும், அளக்கத் தெரியும். அந்த தைரியத்தில் ஒரு வெர்னியர் காலிபரை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் வண்டியின் பெயர். டாடாவின் பழைய நம்பர்களில் முன் பாதி தோராயமாக மொத்த எடை, பின் பாதி தோராயமாகக் குதிரைத்திறன். 1210 என்றால் 12 டன், 100 குதிரை. 1613 என்றால் 16 டன், 130 குதிரை. எஞ்சின் எது என்று இந்த நம்பர் சொல்லவே சொல்லாது. 1613 டர்போ வண்டி ரெண்டு விதமான எஞ்சினோடு வந்திருக்கிறது. ஒன்று டாடாவின் 697. இன்னொன்று கம்மின்ஸ் 6பிடி. முன்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், அது பெயிண்ட் கடையில் கிடைக்கிறது.

697 என்ற பெயரே ஒரு அளவுதான். 6 சிலிண்டர், 97 மி.மீ. போர். ஸ்ட்ரோக் 128 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 5,675 சி.சி. பெரியவர்கள் இன்னமும் "பென்ஸ் வண்டி" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டெல்கோவும் டைம்லர் பென்ஸும் 1954-ல் கூட்டுச் சேர்ந்தார்கள், 1969 வரை ஓடியது. 697-ன் மூலம் மெர்சிடிஸின் ஓஎம்352 எஞ்சின். போரும் ஸ்ட்ரோக்கும் அப்படியே அதுதான்.

கம்மின்ஸ் 6பிடி வேறு ஜாதி. போர் 102, ஸ்ட்ரோக் 120, ஆக 5,883 சி.சி. டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் 1993-ல் ஆரம்பித்தது, எஞ்சின் வந்தது ஜாம்ஷெட்பூரிலிருந்து. அமெரிக்காவில் 1989-லிருந்து டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்து பேர் வாங்கியதும் இதே 5.9 லிட்டர் குடும்பம்தான். அங்கே வீட்டு வாசலில் நிற்கிற எஞ்சின், இங்கே நம்மூரில் ஜல்லி சுமக்கிறது.

ரெண்டும் 6 சிலிண்டர். ரெண்டுக்கும் சி.சி. கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் ஹெட்டைக் கழற்றாமலே, மேலே பார்த்தாலே போதும். 6பிடியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகச் சின்ன ராக்கர் கவர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே போல்ட். வரிசையாக ஆறு டிபன் பாக்ஸ் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். மச்சினன் வண்டியில் ஆறு டிபன் பாக்ஸ் இருந்தது. கம்மின்ஸ்தான், சந்தேகமில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கம்மின்ஸில் டர்போ கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சின் முன்பக்கம், டீசல் பம்ப் இருக்கிற பக்கமாக, கியர் ஹவுசிங் மேலே ஒரு டேட்டா பிளேட் இருக்கும். அதில் எஞ்சின் சீரியல் நம்பர், கூடவே சி.பி.எல். என்று ஒரு நம்பர். எந்த பிஸ்டன், எந்த பம்ப், எந்த டர்போ சேர்ந்து இந்த எஞ்சின் ஆனது என்பதற்கான பட்டியல் எண் அது. டீலரிடம் அதைச் சொன்னால் டர்போ பார்ட் நம்பரைச் சொல்லிவிடுவார்கள்.

பிளேட் மேல் ரெண்டு கோட் நீலப் பெயிண்ட். தின்னர் போட்டுத் துடைத்தேன். சி.பி.எல். தெரிந்தது. மெக்கானிக் அண்ணன், "அவ்ளோதாங்க, போன் பண்ணிருங்க" என்றார். நானும் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் பிளேட்டின் இன்னொரு ஓரத்தில் ஃபயரிங் ஆர்டர் கண்ணில் பட்டது.

1-3-4-2.

ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1-5-3-6-2-4 என்று இருக்க வேண்டும். நாலு எண்தான் இருக்கிறது என்றால், இந்த பிளேட் நாலு சிலிண்டர் எஞ்சினுடையது. இன்னும் துடைத்தால் பக்கத்திலேயே 3.9 லிட்டர் என்று இருந்தது. அதே குடும்பத்தின் தம்பி, 4பிடி. போர், ஸ்ட்ரோக் அதேதான், ரெண்டு சிலிண்டர் குறைவு, 3,922 சி.சி.

நாலு சிலிண்டர் பிளேட் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு எப்படி வந்தது? ராத்திரி படுத்தும் இதே யோசனை. பதில் சாதாரணமானது. பிளேட் ஒட்டியிருப்பது பிளாக்கில் இல்லை, கியர் ஹவுசிங்கில். அண்ணன் தம்பி ரெண்டு எஞ்சினுக்கும் முன்பக்கம் ஒரே மாதிரி. முன்னொரு காலத்தில் யாரோ ஹவுசிங் உடைந்து, பழைய சாமான் கடையிலிருந்து வேறொன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். பிளேட் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மச்சினனுக்கு டர்போ மறந்து வேறு பயம் பிடித்துக்கொண்டது. "அப்ப எஞ்சினே திருட்டு எஞ்சினா மாமா?" நியாயமான பயம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பர் வண்டியில் இல்லையென்றால் எஃப்.சி.க்குப் போகும்போது நிற்கும், இன்சூரன்ஸ் கிளெய்ம் நிற்கும். எஞ்சினையே மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ.வில் பதிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியதுதான். பிளேட் நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒத்துப்போகவில்லை, அது உண்மை. ஆனால் சீரியல் நம்பர் பிளாக்கிலும் அடித்திருக்கும். இடம், ஆயில் கூலர் ஹவுசிங்குக்கு நேர் மேலே. அதாவது டர்போ பக்கம். நல்ல வேளை, டர்போ ஏற்கனவே கழன்று கிடந்தது. டீசலில் நனைத்த துணி, வயர் பிரஷ், டார்ச். எட்டு இலக்கத்தையும் நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவன் ஆர்.சி.யைப் பார்த்து "ஆமா... ஆமா..." என்று சொல்லிக்கொண்டே வந்தான். எட்டாவது "ஆமா" கொஞ்சம் சத்தமாக வந்தது.

இனி டர்போ. பிளேட் இல்லாத டர்போவும் ஓரளவு பேசும். பிளேட் இருந்திருந்தால் நம்பரின் அமைப்பே கம்பெனியைக் காட்டிக்கொடுக்கும். கே.கே.கே. டர்போ 53 என்று ஆரம்பிக்கும், அடுத்த ரெண்டு இலக்கம் சைஸ்: 5324 என்றால் கே24, 5327 என்றால் கே27. நடுவில் 970 அல்லது 988 வந்தால் முழு டர்போ, 710 வந்தால் உள்ளே இருக்கும் கோர் மட்டும். கேரட் என்றால் ஆறு இலக்கம், ஒரு கோடு, பிறகு சில இலக்கம். ஹோல்செட் என்றால் எச்எக்ஸ்35 மாதிரி ஒரு பெயரும் ஒரு அசெம்பிளி நம்பரும்.

பிளேட் இல்லையென்றால் வார்ப்பைப் பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்க ஹவுசிங்கில் .63 மாதிரி புள்ளி வைத்த எண் இருந்தால், அது வாயு போகும் வழியின் பரப்புக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம், கேரட் பாணி. 12, 18 என்று முழு எண் இருந்தால் சதுர சென்டிமீட்டரில் பரப்பு, ஹோல்செட் பாணி. இதில் இருந்தது 9. கூடவே இன்னொரு சாட்சி. மேனிஃபோல்டில் உட்காரும் ஃப்ளேஞ்சில் நாலு ஓட்டையில் ரெண்டு நீள்வட்டமாக இருந்தது. ரவுண்டு ஃபைல் போட்டு இழுத்திருக்கிறார்கள். கம்பெனியில் அப்படி அனுப்ப மாட்டார்கள்.

கதை இப்போது புரிந்தது. முந்தைய ஓனரும் எங்களை மாதிரியே பிளேட்டைத் துடைத்து, சி.பி.எல். நம்பரைச் சொல்லி டர்போ வாங்கியிருக்கிறார். கடைக்காரர் சரியான பொருளைத்தான் கொடுத்திருக்கிறார், 3.9 லிட்டருக்கு.

இதனால் என்ன ஆகும்? நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். 2,500 ஆர்.பி.எம்.மில் 3.9 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 4,900 லிட்டர் காற்று இழுக்கும், 5.9 லிட்டர் 7,350. டர்போ அழுத்தம் சேர்வதற்கு முந்தைய கணக்கு இது. ஒன்றரை மடங்கு புகை அந்தச் சின்ன வழியில் நெருக்கிக்கொண்டு போக வேண்டும். ஆரம்பத்தில் சுகமாக இருக்கும், டர்போ சட்டென்று சுற்றிக்கொள்ளும். மேலே போகப்போக வெளியேற முடியாத வாயு எஞ்சினையே பின்னுக்குத் தள்ளும், சூடு ஏறும், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற ஷாஃப்ட் தன் வரம்பைத் தாண்டும்.

டிரைவரிடம் கேட்டேன். "ஆமாங்க, எடுக்கறப்ப பறக்கும். லோடோட தொப்பூர் ஏறுனா மூச்சு முட்டும். டர்போ ராத்திரில செவசெவன்னு தெரியும்" என்றார். இதை முதல் நாளே கேட்டிருந்தால் பாதி வேலை மிச்சம்.

பிளாக்கில் இருந்த நம்பரைக் கொடுத்து டீலரிடமிருந்து சரியான சி.பி.எல்.லும் டர்போ நம்பரும் வாங்கினோம். மாட்டுவதற்கு முன் ஆயில் வரும் பைப்பையும் திரும்பும் பைப்பையும் புதிதாகப் போடச் சொன்னேன். செத்த டர்போவின் தூள் அதில் இருக்கும், புதுசையும் கொன்றுவிடும். மெக்கானிக் அண்ணன் முதலில் முறைத்தார், பிறகு பைப்பை வெட்டிக் காட்டியதும் ஒன்றும் சொல்லவில்லை.

புரோக்கர் இன்னமும் போன் எடுப்பதில்லை. அந்த நீல பிளேட்டை மச்சினன் ரிவெட் உடைத்துக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டான். மேஜை மேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.