பருத்த உடலும் வலுவற்ற எலும்பும்

குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் நல்ல போஷாக்குப் பெறுகிறது என்று எண்ணி மகிழ்வது நம்மவர் வழக்கம். பசியின் கொடுமையை அறிந்த குடும்பங்களில் இவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் பருமன் வேறு, போஷாக்கு வேறு. எடை மிகுந்த குழந்தையிடமும் வைட்டமின் 'டி' குறைந்திருக்கக்கூடும்.

உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்பதற்கு இந்த வைட்டமின் இன்றியமையாதது. இது மிகவும் குறைந்தால் எலும்புகள் மென்மையாகிக் கால்கள் வில்லைப் போல் வளையும். மீன், முட்டையின் மஞ்சட்கரு போன்ற சில உணவுகளிலேயே இஃது உண்டு. பெரும்பகுதி, வெயில் படும்பொழுது நமது தோலில்தான் உருவாகிறது. வெயில் மிகுந்த நம் நாட்டிலும், 2016–18ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 9 வயதுடையோரில் நூற்றுக்குப் 18 பேரிடமும், 10 முதல் 19 வயதுடையோரில் 24 பேரிடமும் இக்குறை காணப்பட்டது.

பருத்த குழந்தைக்கு இக்குறை ஏன் எளிதில் நேர்கிறது? வைட்டமின் 'டி' கொழுப்பில் கரைவது. உடலில் கொழுப்பு மிகுந்தால் அது அங்கேயே பரவித் தங்கிவிடுகிறது; இரத்தத்தில் உலவும் அளவு குறைகிறது. வறுமை இதனை மேலும் வளர்க்கிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, வெயில் எட்டாத சந்திலுள்ள ஒற்றை அறையில் குழந்தை அடைபட்டிருக்கிறது. மலிவான பிஸ்கோத்தும் எண்ணெய்ப் பலகாரமும் எடையைக் கூட்டுகின்றன. இந்தச் சத்தைத் தருவதில்லை.

நகரத்துப் புகையும் வெயிலின் பயனைத் தடுக்கிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தில்லி மோரி கேட் பகுதியின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இச்சத்து, மாசு குறைந்திருந்த குர்கான் பகுதிக் குழந்தைகளிடம் இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது.

பருவமும் இடமும்கூட முக்கியமானவை. நமது நிழல் நமது உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையிலேயே தோலில் இச்சத்து நன்கு உண்டாகும். சென்னையில் மார்கழி நண்பகலிலும் நிழல் குறுகியே இருக்கும். தில்லியிலோ அம்மாதம் முழுவதும் நண்பகலிலும் அது உயரத்தை மிஞ்சி நிற்கும். கருநிறத் தோலுக்கு வெயில் சற்று அதிக நேரம் வேண்டும். ஆகவே வடக்கே வாழும் நாம் ஊர் வழக்கத்தை நம்பியிருத்தல் போதாது.

நண்பகலை ஒட்டிய வேளையில் கை கால்களில் வெயில் படுமாறு குழந்தைகளை விளையாட விடுதல் நன்று. கடுங்கோடையில் சிறிது நேரமே போதும். கண்ணாடிச் சன்னலின் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. கூட்டல் குறியும் 'எஃப்' எழுத்தும் பொறித்த பாலிலும் எண்ணெயிலும் இச்சத்துச் சேர்க்கப்பட்டுள்ளது. எனினும் அந்த எண்ணெயில் பொரித்த பண்டமும் எடையைக் கூட்டவே செய்யும்.

குழந்தை கால் வலிக்கிறது என்றாலோ, மாடிப்படி ஏறத் தளர்ந்தாலோ, மருத்துவரிடம் காட்டி இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். பருத்த குழந்தைக்கு மருந்தளவு மிகுதியாகத் தேவைப்படலாம். அதனை மருத்துவரே முடிவு செய்யட்டும். நாமாகவே வாங்கிக் கொடுத்தால், மிகையான மருந்து உடலில் தங்கிச் சிறுநீரகங்களைக் கெடுக்கக்கூடும்.